ஆய்தமா, ஆகவேயா? ஒரு தமிழ் நுண்கணித நூலுக்கு எழுத்துரு தேர்ந்த நிகழ்வு ஆய்வு

பெங்களூரு அல்சூரில் ஒரு மாடியறையில் இயங்கும் எங்கள் அச்சுக்கோப்பு அலுவலகத்துக்கு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காகத் தாம் தமிழில் எழுதிய நுண்கணித நூலை ஒரு பென் டிரைவிலும், அதன் அச்சுப்படியை ஒரு துணிப்பையிலும் கொண்டுவந்தார். கோலார் தங்கவயலில் பல்லாண்டுகள் பாடம் நடத்தியவர். இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஏறத்தாழ 210 பக்கம் வரக்கூடிய அந்த நூலை வேறோர் அச்சகத்தில் பேஜ்மேக்கர் மென்பொருளில், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு முந்தைய எட்டு பிட் தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்தார்கள். வேலை பாதியில் நின்றுபோனதால் எங்களிடம் வந்தது.

நாங்கள் கொடுத்த முதல் மெய்ப்பு (பிழை பார்க்கத் தரும் அச்சுப்படி) ஏன் தோற்றது, இரண்டாம் மெய்ப்புக்கு எழுத்துருக்களை எந்த அடிப்படையில் தேர்ந்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கணிதம் உள்ள நூலுக்கு, அழகான மாதிரிப் பத்தி ஒன்றை வைத்து எழுத்துரு தேர்வது பெரும் பிழை என்பதே என் முடிவு. அந்நூலில் எந்தப் பக்கம் எழுத்துருவை அதிகம் வதைக்கிறதோ அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதிலும் சூத்திரத்தின் எழுத்துருவை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்தும் தமிழைப் பிறகு தேட வேண்டும். நாங்கள் முதல் முறை இதற்கு நேர் எதிரான வழியில் போனோம்.

முதல் மெய்ப்பு

தட்டச்சுப் படியை யூனிகோடுக்கு மாற்றி, கணித நூல்களுக்குப் பெயர்போன டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் யூனிகோடு வடிவமான ஸீடெக்கில் பக்கம் கட்டினோம். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்று முடிவு செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்னுரையின் முதல் பத்தியை நான்கு எழுத்துருக்களில் அச்சிட்டு மேசையில் பரப்பினோம். எல்லாருக்கும் அது பிடித்தது. அத்துடன் தேர்வு முடிந்தது. சூத்திரங்களுக்குத் தனியாக எதையும் தேரவில்லை. டெக் தானாகவே தருகிற கம்ப்யூட்டர் மாடர்ன் என்ற எழுத்துரு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு வாரம் கழித்து ஆசிரியர் மெய்ப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். எல்லைகள் பற்றிய அத்தியாயத்தின் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியின் தொடக்கத்தில் விரலை வைத்து, "தம்பி, இது ஆய்தமா, ஆகவேயா?" என்று கேட்டார். அந்த இடத்தில் 'ஆகவே' என்று பொருள்படும் ∴ குறி இருக்க வேண்டும். மெய்ப்பில் ஆய்த எழுத்து இருந்தது. அடுத்த பக்கத்தில் அதே குறி வர வேண்டிய ஐந்து இடங்களில் ஒன்றுமே இல்லை.

இரண்டுக்கும் காரணம் தேடியபோதுதான், நாங்கள் எழுத்துருப் பிரச்சினை என்று நினைத்தது எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்று புரிந்தது. முதலில் தட்டச்சு செய்தவர், சில பக்கங்களில் கணிதக் குறிகள் கொண்ட சிம்பல் எழுத்துருவுக்கு மாறி முறையாக ∴ குறியை இட்டிருக்கிறார். சில பக்கங்களில், ஒவ்வொரு தடவையும் எழுத்துருவை மாற்றுவது வேலையைத் தாமதமாக்கியதால் போலும், கைக்கு அருகில் இருந்த ஃ எழுத்தை இட்டுவிட்டார். மேலே ஒன்று, கீழே இரண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது நடந்ததைப் பாருங்கள். சிம்பல் எழுத்துருவில் ∴ குறி இருப்பது 92ஆம் இடம். எழுத்துருத் தகவல் உதிர்ந்து வெறும் பனுவலாக வெளிவரும்போது, அதே 92ஆம் இடத்தில் ஆஸ்கி என்ற பழைய ஆங்கில எழுத்து வரிசை வைத்திருக்கும் பின்சாய்கோடு (\) வந்து நிற்கிறது. டெக்கில் பின்சாய்கோடு என்பது கட்டளையின் தொடக்கம். அதை அடுத்து ஓர் இடைவெளி இருந்தால், இரண்டும் சேர்ந்து 'இங்கே ஓர் இடைவெளி விடு' என்ற முறையான கட்டளையாகிவிடும். ஆகவே பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. சரியாகத் தட்டச்சு செய்யப்பட்ட குறிகள் சத்தமில்லாமல் மறைந்தன. தவறாகத் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்தங்கள் அப்படியே நிலைத்தன.

அவசரத்தில் இன்னொரு தவறும் செய்தோம். வரியின் தொடக்கத்தில் வரும் ஃ எழுத்தையெல்லாம் ∴ குறியாக மாற்றும்படி ஒரே கட்டளை கொடுத்தோம். பெரும மதிப்பு, சிறும மதிப்பு பற்றிய பகுதியில் ஒரு துணைத்தலைப்பு "∴பெர்மாவின் தேற்றம்" என்று வந்தது. ஃபெர்மாவின் பெயரில் உள்ள ஆய்தம் உண்மையான ஆய்தம். அதன் பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே மாற்றினோம்.

கணங்கள் பற்றிய முன்னறிவுப் பகுதியிலும் இதே கதைதான். இரண்டு கணங்களின் சேர்ப்பைக் குறிக்கும் ∪ குறிக்குப் பதிலாகத் தட்டச்சாளர் பல இடங்களில் 'ப' இட்டிருந்தார். வெட்டைக் குறிக்கும் ∩ குறிக்கு ஒப்பான தமிழ் எழுத்து இல்லாததால் அதற்கு மட்டும் சிம்பல் எழுத்துருவுக்குப் போயிருக்கிறார். ஒரே வரியில் சேர்ப்பு பெரிதாகவும் மூலைகள் கூராகவும், வெட்டு சிறிதாகவும் வளைவாகவும் நிற்கும். ஆசிரியர் அந்த வரிகளைப் பச்சை மையால் சுழித்திருந்தார். பாடம் படிக்கும் பிள்ளை இரண்டையும் ஓர் இணையாகப் பார்த்தால்தானே ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றொன்று வருகிறது என்பது மனத்தில் பதியும் என்றார். நியாயமான பேச்சு.

அடுக்குகள் எல்லாம் பேஜ்மேக்கரில் வெறும் வடிவமைப்பாக இருந்தவை. பனுவலாக எடுத்தபோது எக்ஸ் வர்க்கம் 'எக்ஸ் இரண்டு' என்று தரைக்கு இறங்கிவிட்டது. சூத்திரங்கள் அனைத்தையும் அச்சுப்படியைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தோம். ரகரமும் காலும் இடம் மாறிக் கிடந்ததையும் அப்போதே திருத்தினோம்.

எழுத்துரு செய்த பிழைகள்

மேற்சொன்னவை குறியேற்றத்தின், அதாவது கணினியில் எழுத்துக்கு எண் தரும் முறையின், பிழைகள். அவற்றை நீக்கிய பிறகும் பக்கம் நன்றாக இல்லை. இனி வருபவை எங்கள் தேர்வின் பிழைகள்.

முதலாவது, வெளிறிப்போன சூத்திரம். கம்ப்யூட்டர் மாடர்ன், கணினி அறிவியலாளர் டொனால்டு நூத் உருவாக்கியது. கணினி நிரலாக்கம் பற்றிய தம் நூல் வரிசையின் இரண்டாம் தொகுதிக்கு 1977இல் வந்த ஒளி அச்சுக்கோப்பு மெய்ப்பின் தரம் பிடிக்காமல்தான் அவர் டெக்கையும், எழுத்துரு வரையும் மென்பொருளான மெட்டாஃபாண்ட்டையும் படைக்கத் தொடங்கினார். அவருடைய எழுத்துரு, மோனோடைப் நிறுவனத்தின் 'மாடர்ன் 8ஏ' என்ற ஈய எழுத்தைப் பின்பற்றியது. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் பெரிய வேறுபாடு உள்ள வடிவம் அது. ஈய எழுத்தில் மை சற்றே பரவி மெல்லிய கோடுகளுக்கு உடம்பு கொடுத்தது. இன்றைய டிஜிட்டல் அச்சில் அந்த உதவி கிடையாது. நோட்டோவின் தமிழ் எழுத்துகளில் கோட்டின் பருமன் அந்த அளவுக்கு ஏறி இறங்குவதில்லை. சுல்தான்பேட்டையில் வாங்கிய 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கையை நீட்டித் தள்ளிப் பார்த்தால், தமிழ் வரிகள் கருமையாகவும் நடுவில் சூத்திரங்கள் இருக்கும் இடமெல்லாம் சாம்பல் திட்டாகவும் தெரிந்தன. கணித நூலில் கண் முதலில் போக வேண்டிய இடமே மங்கிக் கிடந்தது.

இரண்டாவது, எண்கள். ஒரே வாக்கியத்தில் வாக்கியத்தின் பகுதியாக வரும் 5 நோட்டோவிலிருந்தும், சூத்திரத்துக்குள் வரும் 5 கம்ப்யூட்டர் மாடர்னிலிருந்தும் வந்தன. 'எக்ஸின் மதிப்பு 5 எனில்' என்று தொடங்கி, அடுத்த வரியில் அதே 5 வேறு முகத்தோடு நிற்கும். நம் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கூடவே வருவதால், இது கண்ணுக்குத் தெரியாமல் நுழைந்துவிடும். எதிர்மக்குறி வர வேண்டிய இடத்தில் சிறு இணைப்புக்கோடு நின்றதும் இதே வழியில்தான். லட்சங்களைக் காட்டும் காற்புள்ளியோ வேறு தொல்லை கொடுத்தது: 1,00,000 என்ற எண்ணைச் சூத்திரத்துக்குள் இட்டால், டெக் காற்புள்ளியை நிறுத்தற்குறியாக எடுத்துக்கொண்டு அதன் பின் சிறிது இடம் விடுகிறது, ஓர் எண் மூன்று எண்களின் பட்டியல் போலத் தோன்றும். காற்புள்ளியை நெளிவு அடைப்புக்குள் வைத்தால் அந்த இடைவெளி போய்விடும்.

மூன்றாவது, தேற்றங்களின் சாய்வு. ஆங்கிலக் கணித நூல்களில் தேற்றத்தின் வாசகத்தைச் சாய்வெழுத்தில் இடுவது மரபு. டெக்கின் வழக்கமான தேற்ற அமைப்பும் அதையே செய்கிறது. நாங்கள் ஏற்றியிருந்த தமிழ் எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லை என்று மென்பொருள் எச்சரித்தது. எச்சரிக்கை ஓய வேண்டும் என்பதற்காகச் செயற்கைச் சாய்வை நாங்களே இயக்கிவிட்டோம். செயற்கைச் சாய்வு என்பது எழுத்தை அடியில் பிடித்துக்கொண்டு தலையை வலப்பக்கம் தள்ளுவது. உயரத்தில் இருப்பது எதுவோ அது அதிகம் நகரும். தமிழில் மிக உயரத்தில் இருப்பது புள்ளி. 'மிக்க' என்ற சொல்லை உருப்பெருக்கியில் பார்த்தேன்: நடுவில் இருக்கும் ககரத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி, அடுத்த ககரத்தின் பக்கம் சாய்ந்து, எது மெய், எது உயிர்மெய் என்ற ஐயத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது. எந்த எழுத்து மெய் என்று சொல்வதற்காகவே இருக்கிற அடையாளத்தை ஓர் அலங்காரத்துக்காக நகர்த்தியிருக்கிறோம் என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. சாய்வு நமக்கு வந்த மரபல்ல. தேற்றத்தை வேறுபடுத்திக் காட்ட அதைவிடத் தகுந்த வழிகள் உண்டு.

நான்காவது, சூத்திரத்துக்குள் தமிழ். இயக்கம் பற்றிய எடுத்துக்காட்டுகளில் ஆசிரியர் திசைவேகத்தின் குறிக்குக் கீழே 'தொடக்கம்', 'முடிவு' என்று தமிழிலேயே கீழ்க்குறி இட்டிருந்தார். கணித முறைமையில் டெக் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் குறியாக எடுத்து வைக்கும். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலை அங்கே நடப்பதில்லை. ஆகவே 'தொ' என்பதில் ஒற்றைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. தகரம், கொம்பு, கால் மூன்றும் சிதறி விழுந்தன. அதை உரைப்பகுதியாக அறிவித்துச் சரிசெய்தோம். சரிசெய்த பிறகும் படிக்க முடியவில்லை. எழுத்தளவு 11 புள்ளி (அச்சுக்கோப்பில் அளவின் அலகான பாயிண்ட்) உள்ள நூலில் டெக் கீழ்க்குறியை 8 புள்ளிக்கும், கீழ்க்குறியின் கீழ்க்குறியை 6 புள்ளிக்கும் இறக்குகிறது. ஓர் ஆங்கில எழுத்துக்கு 8 புள்ளி போதும். ஐந்தெழுத்துத் தமிழ்ச் சொல்லில் டகரமும் ககரமும் புள்ளியும் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

கணிதத்திலிருந்து தமிழுக்கு

இரண்டாம் மெய்ப்புக்கு, வேறுபாட்டு விகிதத்தின் எல்லையாக வகைக்கெழுவை வருவிக்கும் பக்கத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். அதில் பின்னத்துக்குள் பின்னம், அடுக்கு, கீழ்க்குறி, எல்லைக்குறியின் அடியில் அம்புக்குறி, தேற்றம், ∴ குறி, நீண்ட தமிழ் வாக்கியத்துக்குள் குறுஞ்சூத்திரம் எல்லாம் ஒரே தாளில் இருந்தன. இனி எந்த எழுத்துருவும் இந்தப் பக்கத்தில்தான் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

சூத்திரத்திலிருந்து தொடங்கியதற்குக் காரணம் எளியது. நல்ல தமிழ் உரை எழுத்துருக்கள் இன்று ஓரளவு கிடைக்கின்றன. முழுமையான கணித எழுத்துருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கணித எழுத்துரு என்பது குறிகளின் மூட்டை மட்டுமல்ல. அடுக்கு எவ்வளவு உயர வேண்டும், பின்னக்கோடு எவ்வளவு பருமன், சமக்குறியும் பின்னக்கோடும் எந்த நடுக்கோட்டில் நிற்க வேண்டும் என்ற மாறிலிகளும், அடைப்புக்குறியும் மூலக்குறியும் எப்படிப் படிப்படியாக வளர வேண்டும் என்ற வடிவங்களும் அதற்குள் இருக்க வேண்டும். ஓப்பன்டைப் என்ற இன்றைய கோப்பு முறையில் அமைந்த எழுத்துருக்களில் இவற்றைத் தாங்கும் கணித அட்டவணையை மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2007உடன் கொண்டுவந்தது. அதைத் தாங்கி வந்த முதல் எழுத்துரு கேம்ப்ரியா மேத். வெறும் உரை எழுத்துரு ஒன்றின் எழுத்துகளைக் கடன் வாங்கிச் சூத்திரம் கட்டினால், அடுக்கு எழுத்தின் தோளில் இடிக்கும்.

லத்தீன் மாடர்ன் மேத் கம்ப்யூட்டர் மாடர்னின் வழித்தோன்றல் என்பதால், வெளிறல் அப்படியே தொடர்ந்தது. கேம்ப்ரியா மேத் பார்வைக்கு உறுதியானது. ஆனால் நூலின் மூலக்கோப்புகளை ஆசிரியரிடமும், பின்னாளில் வேறு எவரிடமும் ஒப்படைக்கும்போது எழுத்துருவையும் சேர்த்துக் கொடுக்க அதன் உரிமம் இடம் தராது. லிபர்டினஸ் மேத் எனக்குப் பிடித்தது. தமிழின் அருகில் அதன் சிறிய எழுத்துகள் கொஞ்சம் ஒடுங்கித் தெரிந்தன. கடைசியில் ஸ்டிக்ஸ் டூ மேத் நின்றது. அமெரிக்கக் கணிதவியல் கழகம், ஐஇஇஇ, எல்ஸ்வியர் உள்ளிட்ட அறிவியல் பதிப்பாளர்கள் கூடி உருவாக்கிய ஸ்டிக்ஸ் எழுத்துருவின் முதல் பதிப்பு 2010இலும், கனடாவின் டைரோ டைப்வொர்க்ஸ் திருத்தி வடித்த இரண்டாம் வடிவம் 2016இலும் வந்தன. டைம்ஸ் வழி வந்த முகம் என்பதால் பள்ளி மாணவருக்குப் பழக்கமானது, மெல்லிய கோடுகள் மேப்லித்தோ தாளில் உதிராத அளவுக்கு உறுதி உள்ளவை, உரிமமும் திறந்தது.

இங்கே ஒரு கேள்வியை ஆசிரியரே எழுப்பினார்: தமிழ்ப் பத்திக்குள் ஆங்கில எழுத்து வந்தாலே அது சூத்திரத்தின் எழுத்து என்று தெரிகிறதே, பிறகு மாறிகளுக்குச் சாய்வு எதற்கு? ஹெர்மான் சாஃப் அமெரிக்கக் கணிதவியல் கழகத்துக்காக வரைந்த ஆய்லர் எழுத்துரு நிமிர்ந்த கணித எழுத்துருவாகவே இருக்கிறது. நூத் உள்ளிட்ட மூவர் எழுதி 1989இல் வெளிவந்த ஒரு கணித நூலின் சூத்திரங்களே அதில் அச்சாகியிருக்கின்றன. ஆயினும் நிறையைக் குறிக்கும் எம் சாய்ந்தும், மீட்டரைக் குறிக்கும் எம் நிமிர்ந்தும் நிற்பது இயக்கக் கணக்குகளில் உண்மையான உதவி. சாய்வை வைத்துக்கொண்டோம்; அவரும் ஒப்புக்கொண்டார்.

ஸ்டிக்ஸ் முடிவான பிறகே தமிழுக்கு வந்தோம். டைரோ டைப்வொர்க்ஸே வெளியிட்ட டைரோ தமிழை முதலில் முயன்றேன். நீண்ட உரைநடைக்கு அதைப் போல மனத்துக்கு இதமான எழுத்துருவை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் அதில் தடித்த எடை இல்லை. தேற்றம், வரையறை, எடுத்துக்காட்டு என்று பக்கத்துக்கு நான்கு தடித்த தலைப்புகள் வரும் நூலுக்கு வேறொரு குடும்பத்திலிருந்து தடிப்பைக் கடன் வாங்க வேண்டியிருக்கும். பல எடைகளைக் கொண்ட நோட்டோ செரிஃப் தமிழுக்கே மனமின்றித் திரும்பினேன். முதல் மெய்ப்பிலும் இதே எழுத்துருதான் இருந்தது. ஆனால் இம்முறை அதை எந்த அளவில், எதன் அருகில் வைப்பது என்பதை ஸ்டிக்ஸ் தீர்மானித்தது.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆகவே பகரத்தின் உயரத்தை ஆங்கிலச் சிறிய எக்ஸுக்குச் சமமாக்கினால் தமிழ் குறுகிவிடும். பெரிய எழுத்துக்குச் சமமாக்கினால் சூத்திரம் அமுங்கிவிடும். பகரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படி தமிழை 0.92 மடங்காக்கினோம். ஆங்கில எழுத்தும் எண்ணும் வரும் இடங்களில் தானாகவே ஸ்டிக்ஸ் டூவின் உரை வடிவத்துக்கு மாறும்படி ஸீடெக்கில் ஏற்பாடு செய்தோம். நூல் முழுதும் 5க்கு ஒரே முகம் கிடைத்தது. வரி இடைவெளியை 16 புள்ளியாக்கினோம். 'ழு', 'து' போன்ற எழுத்துகளின் இறக்கமும் கீழ்வரியின் அடுக்கும் உரசாமல் இருக்க அது தேவைப்பட்டது. கன்னட நூல்களில் எழுத்தின் அடியில் தொங்கும் ஒத்தெழுத்துக்காக இதே அலுவலகத்தில் நாங்கள் எப்போதும் விட்டுவந்த இடைவெளியைத் தமிழ்க் கணிதத்துக்கு விடத் தோன்றாமல் போனது வியப்புதான். வரிக்குள் வரும் பின்னங்களைச் சாய்கோட்டு வடிவத்துக்கு மாற்றினோம்.

தேற்றங்களை நிமிர்ந்த எழுத்திலேயே வைத்து, இடப்பக்கம் ஒரு மெல்லிய நெடுங்கோடு இட்டோம். தலைப்புகளுக்கு முழுத் தடிப்பை விட்டு அரைத் தடிப்பை எடுத்தோம். முழுத் தடிப்பில் ண, ஞ, ழ ஆகியவற்றின் உட்சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொள்கின்றன. தமிழ்க் கீழ்க்குறிகளை ஆசிரியரின் இசைவோடு 0, 1 என்று எண்களாக்கி, அவை எதைக் குறிக்கின்றன என்பதை வாக்கியத்தில் எழுதினோம். ஓர் அட்டவணையில் மட்டும் தமிழ்ச் சொல் கட்டாயம் வேண்டும் என்றார். அங்கே கீழ்க்குறியாக இறக்காமல் பக்கத்தில் 9 புள்ளியில் வைத்தோம்.

மின்னூலில் எச்

அச்சு நூல் முடிந்த பிறகு மின்னூல் கேட்டார்கள். சூத்திரத்தின் ஆங்கில எழுத்துகளை யூனிகோடின் கணிதச் சாய்வெழுத்துகளாக மாற்ற நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். 2001இல் யூனிகோட் 3.1இல் சேர்க்கப்பட்ட அந்தத் தொகுதியில் எழுத்துகள் அகர வரிசைப்படி அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகவே பெரிய எழுத்துகளின் எண்ணோடு ஒன்று, சிறிய எழுத்துகளின் எண்ணோடு ஒன்று என மாறா எண்ணைக் கூட்டினால் போதும் என்று நினைத்தேன். எல்லா எழுத்தும் வந்தது. சிறிய எச் மட்டும் வெற்றுக் கட்டமாக வந்தது. சாய்ந்த எச் ஏற்கெனவே இயற்பியலில் வரும் பிளாங்கின் மாறிலிக்கான குறியாக வேறோர் இடத்தில் குறியேற்றம் பெற்றிருந்ததால், புதிய வரிசையில் அதன் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். வகைக்கெழுவை வருவிக்கும் பக்கத்தில் எச் சுழியை அணுகுகிறது. நாங்கள் அளவுகோலாக வைத்திருந்த அதே பக்கத்தில் வெற்றுக் கட்டங்கள் சுழியை அணுகிக்கொண்டிருந்தன. நிரலில் எச் எழுத்துக்குத் தனி வரி ஒன்று சேர்த்து, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியிலும் கணினியிலும் திறந்து பார்த்து, மறுநாள் காலை கோப்பை ஆசிரியருக்கு அனுப்பினேன்.